அடிக்கடி வருவது வேறு, அடக்க முடியாதது வேறு: மும்பைச் சர்க்கரை டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் மும்பை டாக்டர்களுக்கு வணக்கம்.

நான் தாராவிக்காரி. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க விடாமல் ஒரு வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சம்பளம் கிடையாது, திரும்பி வரும் வழியில் ஒரு டீ உண்டு. எங்கள் சந்துப் பெண்களோடு உங்கள் கிளினிக்குகளுக்கு வந்து, அவர்கள் தமிழில் சொல்வதை உங்களுக்கு இந்தியிலும், நீங்கள் இந்தியில் சொல்வதை அவர்களுக்குத் தமிழிலும் எடுத்துச் சொல்வதுதான் அந்த வேலை. இவர்களில் பலர் முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். காய்கறி பேரம் பேச, பஸ் ஏற, தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட வேண்டிய இந்தி அவர்களுக்குத் தாராளமாக வரும். உடம்பைப் பற்றிப் பேசுகிற இந்தி மட்டும் வராது. சொல்லப்போனால் உடம்பைப் பற்றிப் பேசுகிற தமிழே பாதிதான் வரும்.

அந்த வேலையில், சிறுநீர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தில், நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் இந்த மடல்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, எதிர்வீட்டு மதினியோடு ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். மதினிக்கு அப்போது 58 வயது, சர்க்கரைக்கு 14 வயது. டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, வேறு ஏதும் தொந்தரவு உண்டா என்று இந்தியில் கேட்டார். மதினி என் பக்கம் சாய்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார்: “டீச்சர், ஒண்ணுக்கு அடக்க முடியமாட்டேங்கு. சண்டாஸுக்குப் போய்ச் சேருததுக்குள்ள சேலையிலயே போயிருது.”

டாக்டருக்குப் பின்னால் ஒரு பையன் பிரஷர் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். கதவு திறந்தே கிடந்தது. வெளியே பெஞ்சில் எங்கள் சந்து ஆட்களே இரண்டு பேர். நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: “டாக்டர் சாப், இன்கோ பிஷாப் பார் பார் ஆதா ஹை.” அதாவது, அடிக்கடி வருகிறதாம்.

டாக்டர் தலையாட்டினார். சாப்பிட்ட பிறகு எடுத்த சர்க்கரை 240-ஐத் தாண்டியிருந்தது. அந்த அளவில் அடிக்கடி வரத்தானே செய்யும்? மாத்திரை ஒன்றைக் கூட்டி எழுதினார். அவர் மேல் தப்பில்லை, நான் சொன்ன வாக்கியத்துக்கு அதுதான் சரியான மருந்து. மதினி சொன்ன வாக்கியத்துக்கு அது மருந்து இல்லை. வெளியே வந்ததும் மதினி என்னிடம், “சொல்லிட்டியளா?” என்று கேட்டார். “சொல்லிட்டேன்” என்றேன்.

இது திறந்த மடல் என்பதால் உங்களோடு சேர்த்து எங்கள் பெண்களும் படிப்பார்கள். உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையே அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், வகுப்பறைப் பழக்கம்.

“அடிக்கடி வருது” என்பது எளிய கதை. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைக் கிட்னி வடிகட்டும், வடிகட்டியதை வீணாக்காமல் மறுபடி ரத்தத்துக்கே திருப்பிவிடும். அளவு ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால் அதனால் சமாளிக்க முடியாது. மிச்சச் சர்க்கரை சிறுநீரில் இறங்கும், இறங்கும்போது தண்ணீரையும் கையோடு இழுத்துக்கொண்டு போகும். சிறுநீர்ப்பை என்ற பானை சீக்கிரம் நிறைகிறது, ஆள் அடிக்கடி எழுந்திருக்கிறாள். சர்க்கரை இறங்கினால் இதுவும் இறங்கும்.

“அடக்க முடியல” என்பது பானை நிறைவதோடு நிற்கிற விஷயம் இல்லை. பானையின் வாய் சரியாக மூடாமல் இருக்கலாம். பானையைத் தாங்குகிற உறி தளர்ந்திருக்கலாம். பானை தானாகவே சுருங்கித் துள்ளலாம். நிறைந்துவிட்டது என்று சேதி சொல்லும் நரம்பு செத்துப்போயிருக்கலாம். சர்க்கரை இந்த நாலிலும் கை வைக்கிறது. சர்க்கரை உள்ள பெண்களுக்குக் கசிவு கூடுதலாக வருகிறது என்பது அமெரிக்காவில் நர்ஸுகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து செய்த பெரிய ஆய்விலேயே வந்துவிட்டது. என் மகள் பார்மசி படித்தவள். அவள்தான் இதையெல்லாம் அச்செடுத்து வந்து எனக்கு வாசித்துக் காட்டினாள்.

எனக்கு உறி தளர்ந்த கேஸ். இரண்டு பிள்ளைகள், இரண்டும் நாலு கிலோவுக்குக் குறையாதவை. ஐம்பது வயதுக்கு மேல் சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளாமல் போனது. கரும்பலகையைத் துடைத்தால் தும்மல், தும்மினால் உள்பாவாடை நனையும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் ஒரு தும்மலை அடக்க நான் செய்த வித்தைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். அப்புறம் துடைக்கிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். டீச்சர் துடைக்கச் சொல்வதைப் பெருமையாக நினைத்து முறை வைத்துச் செய்தார்கள். வெளிர் நிறச் சேலைகளைத் தங்கைக்குக் கொடுத்தேன். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, நாலாக மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, கைப்பையின் அடியில் வைத்துக்கொள்ளப் பழகினேன். எனக்குச் சர்க்கரை வந்தது 52 வயதில். அதற்குப் பிறகு கசிவு கூடியது. இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

மூன்றாவது வீட்டு அக்காவுக்கு வேறு மாதிரி. அவருக்குத் தும்மினால் ஒன்றும் ஆகாது. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் போச்சு. எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் சந்து முழுக்க டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம். அக்கா குடத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுவார். ஓடி, பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று, கதவு திறப்பதற்குள் பாதி வழியிலேயே முடிந்துவிடும். இது சிறுநீர்ப்பை தன் இஷ்டத்துக்குச் சுருங்குகிற வகை. மதினிக்கு இருந்ததும் இதுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அக்காவுக்கு ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை இருந்தது. அதே கஷ்டம்தானே என்று அக்கா அதில் ஒரு அட்டையை மதினிக்குக் கொடுத்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் சந்தில் சாம்பார்ப் பொடி, பிள்ளைகளின் பழைய யூனிஃபார்ம், மாத்திரை எல்லாம் கைமாறும்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஒன்றரை வருஷத்தில் மதினிக்கு மூன்று தடவை நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஆன்டிபயாடிக்.

அப்புறம் வேறொரு கிளினிக். அங்கே எடை பார்க்கிற மராத்திய நர்ஸம்மா ஒருவர். மதினி எடை மெஷினிலிருந்து இறங்கியபோது அதன் ரப்பரில் ஈரம் இருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு இருக்கும். நர்ஸம்மா பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் காலால் ஒரு துணியை இழுத்து அதன் மேல் போட்டார். பிறகு மதினியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, “லக்வீ தாம்பத் நாஹீ கா, மாவ்ஷீ?” என்று கேட்டார். மூத்திரம் நிற்க மாட்டேன் என்கிறதா, சித்தி? மதினிக்கு மராத்தி வராது. ஆனால் கேள்வி முடிவதற்குள் தலையாட்டினார். கண் கலங்கிவிட்டது. நான் மொழிபெயர்க்க வேண்டியதாகவே இல்லை.

அங்கே நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னார்கள். வந்த கையோடு அடிவயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். போய்விட்டு வந்த பிறகும் உள்ளே 300 மில்லிக்கு மேல் நின்றது. ஒரு சாதாரண மனுஷிக்குச் சிறுநீர்ப்பை மொத்தமாகப் பிடிப்பதே 400, 500 மில்லிதான். மதினியின் பானை ஒருநாளும் காலியானதே இல்லை. இத்தனை வருஷச் சர்க்கரையில் காலில் மரத்துப்போவது போல, உள்ளே இருக்கிற நரம்பும் மரத்துவிட்டது. நிறைந்ததும் தெரியவில்லை, முழுசாக வெளியே தள்ளவும் வலுவில்லை. நிரம்பி வழிந்ததைத்தான் நாங்கள் “அடக்க முடியல” என்று பேர் வைத்திருக்கிறோம். தேங்கி நிற்கும் தண்ணீரில் கொசு வருவது போல, தேங்கின சிறுநீரில் கிருமி வந்திருக்கிறது. அக்கா கொடுத்த மாத்திரையோ பையைச் சுருங்க விடாமல் பிடித்து வைக்கிற மாத்திரை. துள்ளுகிற பைக்கு அது மருந்து. ஏற்கெனவே சுருங்க மாட்டேன் என்று படுத்துவிட்ட பைக்கு அது கேடு.

இப்போது மதினி கடிகாரம் பார்த்துப் போகிறார். வருகிறதோ இல்லையோ, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. போனதும் உடனே எழுந்திருக்காமல் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை முயற்சி செய்கிறார். சர்க்கரையும் கட்டுக்குள் வந்திருக்கிறது. முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன பொங்கலுக்கு 90 அடி ரோட்டில் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கினோமே, அதில் பால் பொங்கி, பிரசாதம் கொடுத்து முடிகிறவரை நின்றார். அதற்கு முந்தின வருஷங்களில் தலைவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டவர்.

என்னுடைய “பார் பார் ஆதா ஹை” அவருக்கு ஒன்றரை வருஷம் செலவு வைத்தது. என் தப்பை நான் சொல்லிவிட்டேன். இனி உங்கள் பக்கம் வருகிறேன்.

கிளினிக்கில் எங்களை ஒரு குறை இல்லாமல் சோதிக்கிறீர்கள். கால் விரல்களுக்கு நடுவில் பார்க்கிறீர்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கிறீர்கள். கண்ணுக்குள் விளக்கடித்துப் படம் எடுக்கிறீர்கள். சின்ன டப்பாவில் சிறுநீர் வாங்கி அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கிறீர்கள். அந்தச் சிறுநீரை இவளால் பிடித்து வைக்க முடிகிறதா என்று மட்டும் கேட்பதில்லை. கால் நரம்பு மரத்தால் உங்களுக்கு அது எச்சரிக்கை. அதே ஆளின் மூத்திரப்பை நரம்பு மட்டும் எப்படித் தப்பும்? ஒரு கிளினிக்கின் சுவரில் பெரிய போஸ்டர் பார்த்தேன். சர்க்கரையால் ஆண்மைக் குறைவா, கூச்சப்படாமல் டாக்டரிடம் பேசுங்கள் என்று இந்தியில். நல்லதுதான், பேசட்டும். பக்கத்திலேயே அரை அடி இடம் காலியாகத்தான் இருந்தது.

அந்தப் போஸ்டர் இருந்த கிளினிக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். அந்த இரண்டு மணி நேரமும் அங்கேயே உட்கார வேண்டும். இருப்பவர்கள் அத்தனை பேரும் சர்க்கரைக்காரர்கள், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறை ஒன்று உண்டு, பூட்டியிருக்கும். சாவி கவுன்ட்டர் பையனிடம். தொலைந்துவிடக் கூடாது என்று அந்தச் சாவியில் பூரிக்கட்டையில் பாதி அளவுக்கு ஒரு மரத்துண்டைக் கட்டியிருந்தார்கள். அறுபது வயதுக்காரி எழுந்து, அத்தனை பேர் முன்னால் அந்தப் பையனிடம் கேட்டு, அந்தக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவே நடந்து போக வேண்டும். இரண்டாவது தடவை கேட்டபோது பையன், “ஃபிர் ஸே?” என்றான். மறுபடியுமா? மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் வரப் பழகிக்கொண்டார்.

தண்ணீரைக் குறைப்பதுதான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம். லோக்கல் டிரெயினில் கழிப்பறை கிடையாது. லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், கல்யாணிலிருந்தோ விராரிலிருந்தோ ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு வருகிறவள், முந்தின ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுகிறாள். அதனால் சிறுநீர் கெட்டிப்படுகிறது, பையை உறுத்துகிறது, இன்னும் அவசரமாக வருகிறது. மலச்சிக்கல் வேறு. அது பின்னாலிருந்து பையை அழுத்துகிறது. தண்ணீரைக் குறைத்தவள் டீயைக் குறைப்பதில்லை என்பது இன்னொரு கூத்து. டீயில் இருக்கும் கஃபீன்தான் பையைக் கிளப்பிவிடுகிற சாமான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

ராத்திரி இன்னும் மோசம். எங்கள் வீடுகளில் கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவில் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. மகன், மருமகளுக்குக் கீழ் அறையை விட்டுவிட்டு மாமியார்க்காரி மேலே படுப்பாள். ராத்திரி மூன்று தடவை அந்த ஏணியில் இறங்கி, தூங்குகிறவர்களைத் தாண்டி, கதவைத் திறந்து, சந்து முனைக் கழிப்பறைக்குப் போய் வர வேண்டும். அவசரத்தில் ஏணியில் கால் தவறி இடுப்பெலும்பு முறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய கேஸ் பேப்பரில் வழுக்கி விழுந்தார் என்று எழுதியிருந்தது. எதற்காக எழுந்தார் என்று எழுதவில்லை.

கழிப்பறைப் பிரச்சினைக்கு டாக்டர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நியாயம். ஆண்கள் ஒண்ணுக்குப் போவது இலவசம், பெண்களுக்கு மட்டும் காசா என்று கேட்டு 2011-லேயே இந்த ஊரில் ‘ரைட் டு பீ’, அதாவது ஒண்ணுக்குப் போகும் உரிமை, என்று பெண்கள் கிளம்பினார்கள். மாநகராட்சியோடு போட வேண்டிய அந்தச் சண்டை தனி. உங்களிடம் நான் கேட்பது அந்த மரக்கட்டையைக் கழற்றச் சொல்லி மட்டும்தான். முடிந்தால் பூட்டையும்.

சரி, உங்கள் அறிவுரைகளுக்கு வருவோம். நட என்கிறீர்கள். நடந்தால் கசிகிறது, அதனால் நடப்பதில்லை. ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் முட்டிவலி என்கிறோம், நீங்களும் முட்டிக்கு ஒரு களிம்பு எழுதுகிறீர்கள். நிறையத் தண்ணீர் குடி என்கிறீர்கள். அதன் கதையை மேலே சொல்லிவிட்டேன். அப்புறம் ஒரு மாத்திரை. சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியே தள்ளுகிற ரகம். டாபாக்லிஃப்ளோசின் என்று பேர். இந்தியாவில் அதன் முதல் காப்புரிமை 2020-இல் முடிந்தது, விலை சரிந்தது, எங்கள் சந்து வரைக்கும் வந்துவிட்டது. இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது என்று மகள் சொல்கிறாள், நான் மறுக்கவில்லை. ஆனால் மாத்திரையின் வேலையே சிறுநீரில் சர்க்கரையை இறக்குவதுதான் என்றால், சிறுநீரும் கூடும், கீழே பூஞ்சை அரிப்பும் வரலாம். ஏற்கெனவே கசிகிறவளுக்கு அது என்ன செய்யும்? எங்கள் பெண்களில் இரண்டு பேர் அந்த மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு உங்களிடம் சாப்பிடுகிறேன் என்று பொய் சொல்கிறார்கள். அடுத்த தடவை சர்க்கரை ஏறியிருக்கும், நீங்கள் டோஸைக் கூட்டுவீர்கள். பிரஷருக்கு எழுதுகிற நீர் மாத்திரையிலும் இதே கதை நடக்கிறது. ஆரம்பத்திலேயே கசிகிறதா என்று கேட்டிருந்தால், வேளையை மாற்றியோ வேறு மாத்திரை கொடுத்தோ இருப்பீர்கள்.

எடையைக் குறை என்று சொல்லும்போதும் நீங்கள் இதயத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறீர்கள். எங்களுக்கு இதயம் தூரத்தில் இருக்கிறது, உள்பாவாடை பக்கத்தில் இருக்கிறது. மகள் காட்டிய இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். அமெரிக்காவில் சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த, எடை கூடிய ஆட்களை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, இன்னொரு கூட்டத்துக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, மூன்றாவது கூட்டத்துக்கு உணவுக் கட்டுப்பாடும் வாரம் 150 நிமிஷ நடையும். சர்க்கரையைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. முடிவில் பெண்களிடம் கசிவைப் பற்றியும் கேட்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது கசிகிறது என்றவர்கள் மெட்ஃபார்மின் கூட்டத்தில் 100-க்கு 48 பேர், வெறும் மாத்திரையில் 46 பேர், நடந்தவர்களில் 38 பேர். 2009-இல் வந்த இன்னொரு ஆய்வில் கசிவு உள்ள, எடை கூடிய பெண்கள் 338 பேர். ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீதம் எடை குறைத்த கூட்டத்துக்குக் கசியும் தடவைகள் 47 சதவீதம் குறைந்தன. பாடம் மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்களுக்கு 28. 70 கிலோ இருக்கிற எனக்கு 8 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ. “ஐந்தரை கிலோ இறங்கினால் துணி பாதி நாள் நனையாது” என்று எனக்கு எந்த டாக்டராவது சொல்லியிருந்தால், சயான் வரைக்கும் நடந்தே வந்திருப்பேன்.

உறி தளர்ந்த எனக்குக் கடைசியில் கை கொடுத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். 28 வயது இருக்கும். ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948-லேயே எழுதி வைத்த பயிற்சிதானாம் அது. பாதியில் ஒண்ணுக்கை நிறுத்துவது போல உள்ளே இறுக்கி, மேலே தூக்கி, சில நொடி பிடித்து, விட வேண்டும். எட்டு தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். நிஜமாகவே ஒண்ணுக்குப் போகும்போது நிறுத்திப் பழகக் கூடாது என்று கண்டித்துச் சொன்னாள். முதல் வாரம் நான் இறுக்கியது வயிற்றையும் பல்லையும்தான். அவள் சிரித்துக்கொண்டே திருத்தினாள். இப்போது லேடீஸ் டப்பாவில் சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் ஒரு சுற்று முடித்துவிடுவேன். எதிரே இருக்கிறவளுக்கு நான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிற கிழவி. மூன்று மாதத்தில் தும்மலுக்குப் பயம் போனது, இருமலுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. அந்தப் பெண்ணிடம் என்னை அனுப்பியது சர்க்கரை டாக்டர் இல்லை. முதுகுவலிக்கு என்று தற்செயலாகப் போய் மாட்டினேன்.

எல்லாருக்கும் இது போதாது என்பதும் தெரியும். அக்காவுக்குக் கால் மணி, கால் மணியாக நேரத்தை நீட்டிப் பையைப் பழக்குகிற பயிற்சி, அதோடு மாத்திரை. சிலருக்கு மாதவிடாய் நின்ற பிறகு தடவுகிற ஈஸ்ட்ரோஜன் களிம்பு, சிலருக்கு உள்ளே வைக்கிற வளையம், சிலருக்கு ஆபரேஷன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. உங்கள் மேஜைக்கு வந்து சேருவதோ “பார் பார்” என்ற ஒரே வாக்கியம்.

ஏன் என்று யோசித்தால், என்னைப் போல ஒரு ஆள் நடுவில் நிற்பதால்தான். நானாவது பெண். பெரும்பாலான அம்மாக்களுக்கு மொழிபெயர்ப்பது மகன்கள். இங்கேயே பிறந்து இந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசுகிற நல்ல பிள்ளைகள், அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அம்மாவைக் கூட்டி வருகிறவர்கள். அந்த மகனிடம் எந்த அம்மா சொல்வாள், எனக்குச் சேலையில் போய்விடுகிறது என்று? டாக்டர் கேட்பார், மகன் திரும்பி, “ம்மா, வேற ஏதாச்சும் இருக்கா?” என்பான். “ஒண்ணுமில்ல ராசா” என்பாள். அவன் “குச் நஹீன்” என்பான். நீங்கள் அடுத்த பெயரைக் கூப்பிடுவீர்கள். பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று அவளுடைய அம்மா அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் அதைத் தன் மகளுக்குச் சொல்வாள்.

அதனால் நான் கேட்பது இதுதான். எடை, பிரஷர் எழுதுகிற அதே அட்டையில் ஒரு வரி சேருங்கள். அதை நீங்கள் கேட்க வேண்டாம், எடை பார்க்கிற பெண் கேட்கட்டும். மகன் வெளியே இருக்கும்போது கேட்கட்டும். “வேறு ஏதும் தொந்தரவு உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது, நாலு வருஷமாகப் பார்க்கிறேன். இருமினால், தும்மினால் கசிகிறதா? வந்தால் போய்ச் சேருவதற்குள் போய்விடுகிறதா? போய்விட்டு வந்தாலும் போகாத மாதிரியே இருக்கிறதா? இப்படி வெட்டுவெட்டாகக் கேட்டால் தலையாவது ஆடும். மூன்றாவது கேள்விக்குத் தலை ஆடினால், மாத்திரை எழுதும் முன் அந்தச் சின்ன ஸ்கேனுக்கு அனுப்புங்கள். இந்தக் கேள்விகளைத் தமிழில், பெரிய எழுத்தில், நாலு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். இந்தியும் மராத்தியும் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். போஸ்டருக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிற அந்த அரை அடிக்குச் சரியாக வரும்.

வருகிற வியாழக்கிழமை இரண்டு பேரோடு வருகிறேன். அதில் ஒருத்தியின் மகனும் கூட வருவான், தங்கமான பையன். அவனை நான் டீ வாங்க அனுப்பிவிடுகிறேன். திரும்பி வர அவனுக்குப் பத்து நிமிஷமாவது ஆகும். அதற்குள் கேட்டுவிடுங்கள். இந்தத் தடவை அவள் சொல்வதை நான் அப்படியே சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு தமிழ் டீச்சர்,
தாராவி, மும்பை